அடுத்தவர் எழுத்தும் உங்கள் எழுத்தும் கலந்துவிடாமல் கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி?

கல்லூரியில் முதல் கட்டுரையை எழுத உட்காரும் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும்: "நான் யாருடையதையும் திருடப் போவதில்லை, அதனால் இந்தப் பிளேஜியரிசம், அதாவது எழுத்துத் திருட்டு விவகாரமெல்லாம் எனக்கு வராது." மாட்டிக்கொள்பவர்களில் பலர் இதே நம்பிக்கையோடு எழுத உட்கார்ந்தவர்கள்தான். நாலைந்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடித்த வரிகளை ஒரே கோப்பில் ஒட்டிக்கொண்டே போய், நடுநடுவே தோன்றியதையும் தட்டச்சு செய்து, இரண்டு வாரம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் எது தான் எழுதியது, எது எடுத்து ஒட்டியது என்று அவர்களுக்கே தெரியாது. தவறு அங்கேயே நடந்து முடிந்துவிட்டது, கட்டுரையில் ஒரு வரிகூட எழுதும் முன்பே.

அதனால் இங்கே நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றைத்தான். குறிப்பெடுக்கும் முதல் நிமிடத்திலிருந்து அடுத்தவர் சொல் எது, அடுத்தவர் கருத்து எது, உங்களுடையது எது என்று கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வையுங்கள். இதைச் செய்துவிட்டால் மற்ற விதிகள் பெரும்பாலும் தாமாகவே கைக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் கடைசியில் மேற்கோள் குறிகளை மட்டும் தூவினால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு வரி தப்பிப் போகும்.

முதலில், எதெல்லாம் இதில் சேரும்?

ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் தருவது திருட்டு என்று எல்லோருக்கும் தெரியும், அதை விளக்கத் தேவையில்லை. தெரியாமல் விழும் இடங்கள் வேறு. ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு, ஆனால் அவருடைய வாக்கியத்தையே மேற்கோள் குறி இல்லாமல் போடுவது ஒன்று. இங்கே கருத்து யாருடையது என்று சொன்னீர்கள், சொற்கள் யாருடையவை என்று சொல்லவில்லை. சொற்களை மாற்றி வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது இன்னொன்று. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிவிட்டு மூலத்தைச் சொல்லாமல் விடுவது மூன்றாவது. மொழி மாறியதால் அது உங்களுடையதாகிவிடாது, யோசித்தவர் அவர்தானே. போன பருவத்தில் வேறொரு பாடத்துக்குக் கொடுத்த சொந்தக் கட்டுரையையே இந்தப் பாடத்துக்கும் கொடுப்பதைப் பல கல்லூரிகள் தவறாகவே பார்க்கின்றன, ஏனென்றால் ஒரே உழைப்புக்கு இரண்டு மதிப்பெண் கேட்கிறீர்கள். பழைய கட்டுரையை விரிவாக்க நினைத்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பலர் சம்மதிப்பார்கள்.

காசு கொடுத்து வேறொருவரை எழுத வைப்பது இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. மாணவர்களுக்குக் கட்டுரை எழுதி விற்கும் தொழிலை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டம் போட்டே தடை செய்தன. அந்த விளம்பரங்கள் "மாதிரிக் கட்டுரை" என்று எவ்வளவு நல்ல பிள்ளையாகப் பேசினாலும் தொடாதீர்கள். வாங்கியவரின் பெயரை வைத்துக்கொண்டு, கூடுதல் பணம் தராவிட்டால் கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டும் வேலையும் அந்தத் தொழிலில் நடக்கிறது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். காப்புரிமை (காப்பிரைட்) வேறு, எழுத்துத் திருட்டு வேறு. காப்புரிமை முடிந்துபோன பழைய நூலிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்துப் போடச் சட்டம் அனுமதிக்கலாம். ஆனால் கல்லூரிக் கட்டுரையில் அதன் ஆசிரியரைச் சொல்லாமல் விட்டால் அது எழுத்துத் திருட்டுதான். "இணையத்தில் இலவசமாகத்தான் கிடக்கிறது" என்ற வாதமும் இதனால் எடுபடாது.

படி 1: விதியைப் படியுங்கள், உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்

பெரும்பாலான கல்லூரிகளுக்கு இது பற்றி எழுத்து வடிவில் ஒரு கொள்கை இருக்கும், அதைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஆனால் அதில் எல்லாம் இருக்காது. சேர்ந்து படித்துத் தனித்தனியாக எழுதலாமா, ஏஐ கருவியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம், எந்த மேற்கோள் முறை வேண்டும், நண்பரிடம் கொடுத்துப் பிழை திருத்தலாமா என்பதெல்லாம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். முதல் வாரத்திலேயே கேளுங்கள், முடிந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் உங்கள் கையில் இருக்கும். இப்படிக் கேட்பவரை எந்த ஆசிரியரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை.

படி 2: குறிப்பெடுக்கும்போதே பிரித்து வையுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நூலையோ கட்டுரையையோ திறந்ததும் வேறு எதையும் எழுதும் முன் அதன் விவரங்களை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் அல்லது ஆய்விதழின் பெயர், தொகுதி எண், பக்கங்கள். இணையப் பக்கம் என்றால் முகவரியும் நீங்கள் பார்த்த தேதியும். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் 10 என்று தொடங்கும் டிஓஐ எண் ஒன்று இருக்கும், அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். இணைய முகவரிகள் மாறினாலும் அந்த எண் மாறாது. இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். செய்யாமல் விட்டால், சமர்ப்பிக்கும் இரவில் "அந்த வரி எந்தப் புத்தகத்தில் பார்த்தேன்" என்று தேடி மணிக்கணக்கில் போகும். கிடைக்கவில்லை என்றால் அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட வேண்டும், வேறு நேர்மையான வழி கிடையாது.

அடுத்து குறிப்புகள். மூன்று வகைக்கு மூன்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் உள்ளதை எழுத்து மாறாமல் எடுத்தால் உடனே மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண்ணை எழுதுங்கள், "அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" வேண்டாம். மூலக் கருத்தை உங்கள் நடையில் சுருக்கி எழுதினால் அதற்கு ஒரு நிறமோ ஓரத்தில் "சு" என்ற எழுத்தோ போதும், பக்க எண்ணும் வேண்டும். உங்களுக்கே தோன்றிய எண்ணம், கேள்வி, மறுப்பு என்றால் வேறு நிறம், அல்லது "நான்" என்று தொடங்குங்கள். கையால் எழுதுபவர்கள் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் நூல் சொல்வது, வலது பக்கம் தான் நினைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எந்த முறை என்பது முக்கியமில்லை, ஒரே முறையை விடாமல் பின்பற்றுவதுதான் முக்கியம்.

இன்னொரு பழக்கம்: மூலங்களை ஒட்டி வைக்கும் கோப்பும் கட்டுரை எழுதும் கோப்பும் ஒன்றாக இருக்கவே கூடாது. கட்டுரைக் கோப்பில் எதையும் நேரடியாக ஒட்டாதீர்கள்.

கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மூலம் சொல்லாமல் எடுத்த பகுதிகள் இருப்பதாக 2011 பிப்ரவரியில் செய்தி வந்தது. இணையத்தில் தன்னார்வலர்கள் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டினார்கள். பல ஆண்டுகள் இடையிடையே எழுதியதால் எது எங்கிருந்து எடுத்தது என்ற பார்வை சில இடங்களில் தவறிப் போயிருக்கலாம் என்று அவர் விளக்கம் சொன்னார். பைராய்த் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, மார்ச் 1 அன்று அவர் பதவி விலகினார். அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு, அவர் வேண்டுமென்றேதான் ஏமாற்றினார் என்று முடிவு சொன்னது. இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது, "குறிப்பு கலந்துவிட்டது" என்ற விளக்கத்தை ஏற்கும்படி நிரூபிப்பது மிகவும் கடினம் என்பதை. வேண்டுமென்று செய்ததும் கவனக்குறைவாகச் செய்ததும் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும்.

படி 3: மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

"உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று யாரும் காட்டுவதில்லை. ஒரு நூலில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இந்த உதாரணத்துக்காக நானே எழுதியது):

"தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிக்கும் மாணவர்கள் படித்ததை மறப்பதற்குச் சோர்வு மட்டுமே காரணம் இல்லை. பகலில் கற்றவற்றை மூளை உறுதிப்படுத்திச் சேமிக்கும் வேலையின் பெரும்பகுதி தூக்கத்தில் நடைபெறுகிறது. ஆகவே தூக்கத்தைக் குறைப்பவர் படிக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்வதாக நினைத்தாலும், படித்தது பதியும் நேரத்தையும் சேர்த்தே குறைத்துக்கொள்கிறார்."

இதை ஒரு மாணவர் இப்படி மாற்றுகிறார்:

"பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழித்திருக்கும் மாணவர்கள் கற்றதை மறப்பதற்குக் களைப்பு மட்டும் காரணமல்ல. பகலில் படித்தவற்றை மூளை நிலைநிறுத்திச் சேமிக்கும் பணியின் பெரும்பகுதி உறக்கத்தில் நிகழ்கிறது."

தேர்வு பரீட்சையாகிவிட்டது, சோர்வு களைப்பாகிவிட்டது, தூக்கம் உறக்கமாகிவிட்டது. வாக்கியங்களின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கடைசியில் மூலத்தின் பெயரைப் போட்டாலும் இது சரியாகாது, ஏனென்றால் படிப்பவர் இந்த நடை உங்களுடையது என்று நம்புவார். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, மூலத்தைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு எழுதுவதால் வருகிறது. பத்தியை முழுதாகப் புரிந்துகொள்ளாதபோதும் இதுவே நடக்கும், புரியாத வாக்கியத்தில் சொற்களை மட்டும்தான் மாற்ற முடியும்.

சரி, வேறு எப்படி எழுதுவது? பத்தியை இரண்டு மூன்று முறை படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள், அல்லது திரையில் வேறு சாளரத்துக்குப் போங்கள். இதைப் படிக்காத நண்பருக்கு வாயால் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள், சொன்னதை எழுதுங்கள். அப்புறம் மூலத்தைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள்: பொருள் மாறியிருக்கிறதா, தொடர்ந்தாற்போல் நாலைந்து சொற்கள் அதே வரிசையில் வந்திருக்கின்றனவா. வந்திருந்தால் மாற்றுங்கள், அல்லது மேற்கோள் குறிக்குள் போடுங்கள். துறைச் சொற்களை மட்டும் மாற்ற வேண்டாம், ஒளிச்சேர்க்கைக்கு ஒளிச்சேர்க்கை என்றுதான் பெயர். மேலே உள்ள பத்தி இந்த முறையில் இப்படி வரலாம்:

"கண்விழித்துப் படிப்பதால் கிடைக்கும் கூடுதல் நேரம் முழுவதும் லாபம் அல்ல என்கிறார் இந்நூலாசிரியர். கற்றது நினைவில் தங்குவதற்கே தூக்கம் தேவைப்படுவதால் ஒரு பக்கம் கூடுவது இன்னொரு பக்கம் குறைகிறது (ஆசிரியர் பெயர், ஆண்டு, பக். 42)."

அமைப்பு வேறு, நடை வேறு, ஆனால் கருத்து யாருடையது என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிகிறது. "கண்விழித்தால் படித்தது எல்லாம் மறந்துவிடும் என்கிறார் ஆசிரியர்" என்று எழுதியிருந்தால்? அவர் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாததை ஒருவர் வாயில் போடுவதும் நேர்மைக் குறைவுதான், இதை யாரும் மென்பொருளில் கண்டுபிடிக்க முடியாது என்பதால் நாமே கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: ஒரு பத்தி முழுக்க அடுத்தவர் கருத்தைச் சொல்லிவிட்டுக் கடைசி வாக்கியத்தில் மட்டும் மூலத்தைக் குறித்தால், அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அது என்று படிப்பவர் நினைப்பார். "இந்நூலாசிரியரின்படி", "அவர் மேலும் சொல்வது" என்று இடையிடையே காட்டுங்கள். உங்கள் கருத்து தொடங்கும் இடத்தில் "எனக்குத் தோன்றுவது", "ஆனால் இந்த வாதத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது" என்று எழுதத் தயங்காதீர்கள். ஆசிரியர்கள் தேடுவதே அந்த வரிகளைத்தான்.

படி 4: அப்படியே எடுத்துப் போடுவது எப்போது?

ஒருவரின் சொற்களே முக்கியம் என்றால் மட்டும். கவிதை வரியை ஆராய்கிறீர்கள், சட்டப் பிரிவைச் சொல்கிறீர்கள், ஒரு வரையறையை மறுக்கப் போகிறீர்கள், அங்கெல்லாம் சொல் மாறக் கூடாது. வெறும் தகவலுக்காக நீளமான மேற்கோள் வேண்டாம், பக்கத்துக்கு நாலு மேற்கோள் இருந்தால் கட்டுரையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேட வேண்டியிருக்கும். நடுவில் சொற்களை விட்டால் மூன்று புள்ளி, ஏதாவது சேர்த்தால் [ ] என்ற பகர அடைப்பு. மேற்கோளுக்குப் பின் ஒரு வாக்கியமாவது அதைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். நீண்ட மேற்கோளை உள்தள்ளித் தனிப் பத்தியாகத் தருவார்கள், அதற்கு ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையில் 40 சொல் அல்லது அதற்கு மேல், எம்எல்ஏ (MLA) என்ற முறையில் உரைநடை என்றால் நான்கு வரிக்கு மேல் என்பது கணக்கு (இந்த முறைகள் பற்றி அடுத்த படியில்). உள்தள்ளிய பத்திக்கு மேற்கோள் குறி தேவையில்லை, மூலம் தேவை.

படி 5: எழுதும்போதே மூலத்தைக் குறியுங்கள்

கட்டுரை முடிந்த பிறகு மூலங்களைச் சேர்க்கலாம் என்று ஒத்திவைப்பது கேட்க வசதியாக இருக்கும், நடக்காது. வாக்கியம் முடிந்ததும் அடைப்புக்குள் ஆசிரியர் பெயரும் பக்கமும் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். வடிவத்தை அப்புறம் அழகுபடுத்தலாம்.

வடிவங்கள் பல உண்டு, உங்கள் துறை கேட்பதைப் பயன்படுத்துங்கள். உளவியல், கல்வியியல், சமூக அறிவியல்களில் ஏபிஏ, அதன் 7ஆம் பதிப்பு 2019இல் வந்தது. அதில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டு வரும், அந்தத் துறைகளில் ஆய்வு எவ்வளவு புதியது என்பது பெரிய விஷயம் என்பதால். இலக்கியத் துறைகளில் எம்எல்ஏ, 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. அதில் பெயரும் பக்க எண்ணும் போதும், நூலின் எந்த வரியைப் பேசுகிறோம் என்பதே அங்கே கேள்வி. வரலாற்றில் சிகாகோ முறை அடிக்குறிப்பு, பொறியியலில் ஐஇஇஇ முறையில் பகர அடைப்புக்குள் எண். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒரு மாதிரித்தாளை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினால் மூன்றாவது கட்டுரைக்குள் பழகிவிடும்.

ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, மூலங்களைச் சேமித்து வைத்துக் கேட்ட வடிவில் பட்டியலைத் தானே உருவாக்கும். ஆனால் இணையத்திலிருந்து அது இழுத்துக்கொள்ளும் விவரத்தில் பிழை இருக்கும்: ஆசிரியர் பெயர் விடுபடும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறும். தமிழ்ப் பெயர்களில், முதலெழுத்தும் பெயரும் மட்டும் இருப்பதால், இந்தக் குழப்பம் அடிக்கடி நேரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

எதற்கு மூலம் வேண்டாம்? நீர் கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், இரண்டாம் உலகப் போர் 1939இல் தொடங்கியது, இவற்றுக்குத் தேவையில்லை, எந்தப் பொது நூலைத் திறந்தாலும் இதே தகவல்தான் இருக்கும். ஆனால் அந்தப் போர் ஏன் தவிர்க்க முடியாமல் போனது என்று ஒரு வரலாற்றாசிரியர் வாதிட்டால் அந்த வாதம் அவருடையது. புள்ளிவிவரம் எதுவானாலும் மூலம் வேண்டும். சந்தேகமாக இருந்தால் குறித்துவிடுங்கள், ஒரு மேற்கோள் அதிகமாகிவிட்டது என்று யாரும் விசாரணைக் குழுவுக்கு அனுப்ப மாட்டார்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, படிக்காத நூலைப் படித்ததுபோல் காட்டுவது. ஒரு புத்தகத்தில் வேறொருவரின் கருத்து எடுத்தாளப்பட்டிருக்கும், நாம் அந்த மூலநூலையே பார்த்ததுபோல் பட்டியலில் சேர்த்துவிடுவோம். முடிந்தால் மூலநூலைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னாரின் கருத்து, இன்ன நூலில் மேற்கோள் காட்டியபடி என்று உள்ளதைச் சொல்லுங்கள். இடையில் இருப்பவர் தவறாக எடுத்திருந்தால் அந்தத் தவறு உங்கள் தலையில் விடியாது. விக்கிப்பீடியாவுக்கும் இதேதான்: தொடங்குவதற்கு நல்ல இடம், பக்கத்தின் அடியில் உள்ள மூலங்களைத் திறந்து படித்து அவற்றை மேற்கோள் காட்டுங்கள். திறக்காமல் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்து உங்கள் பட்டியலில் சேர்ப்பதும் ஏமாற்றுதான்.

படி 6: படம், அட்டவணை, கணினி நிரல், அளவீடு

வாக்கியத்துக்கு உள்ள விதி இவற்றுக்கும் உண்டு. படத்தின் அடியில் யாருடையது, எங்கிருந்து என்று எழுத வேண்டும். அடுத்தவரின் எண்களை வைத்து வரைபடத்தை நீங்களே வரைந்திருந்தால் வரைந்தது நான், தரவு இன்னாருடையது என்று குறியுங்கள். இணையத்தில் கிடைத்த நிரல்வரிகளை ஒப்படைப்பில் பயன்படுத்தினால் நிரலுக்குள்ளேயே ஒரு கருத்துவரியாக எடுத்த முகவரியைப் போடுங்கள். மாறிகளின் பெயரை மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு, நிரல்களை ஒப்பிடும் மென்பொருள்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, அமைப்பைத்தான் பார்க்கின்றன.

ஆய்வகத்தில் எடுத்த அளவீடு எதிர்பார்த்த கோட்டில் விழவில்லை என்றால் அதை நகர்த்தாதீர்கள். வந்ததை எழுதி, ஏன் விலகியிருக்கலாம் என்று விவாதியுங்கள், நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் கொடுப்பார். நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் டீடரிக் ஸ்டாப்பல் இல்லாத தரவை உருவாக்கி ஆய்வுகள் எழுதியது 2011இல் வெளிவந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் தரவை நம்பி ஆய்வேடு எழுதிய அவருடைய மாணவர்களின் உழைப்பும் சேர்ந்து அடிபட்டது, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

படி 7: நண்பர்களோடு வேலை செய்யும்போது

சேர்ந்து பேசுங்கள், சேர்ந்து படியுங்கள், எழுதும்போது தனியாக எழுதுங்கள். முடித்த கட்டுரையை "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்கும் நண்பருக்குக் கோப்பாக அனுப்பாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு, யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாதே. அதற்குப் பதிலாக அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள், அவருக்கு உதவி செய்ததாகவும் இருக்கும்.

படி 8: ஏஐ கருவிகள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்த விஷயத்தில் பாதிக் கேள்விகள் இதைப் பற்றித்தான். உங்கள் ஆசிரியர் அனுமதித்த எல்லையே உங்கள் எல்லை, அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் "அனுமதி உண்டு" என்று எடுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். அனுமதி இருந்தால் எந்தக் கருவியை, எதற்கு, எந்த இடத்தில் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையிலேயே ஒரு பத்தி எழுதுங்கள்.

என் கருத்து இது: புரியாத பகுதியை விளக்கச் சொல்லிக் கேட்பது, நீங்கள் எழுதிய வாதத்தில் ஓட்டை தேடச் சொல்வது ஆகியவற்றால் உங்களுக்கு லாபம். பத்தியை எழுதித் தரச் சொன்னால் நீங்கள் கற்க வேண்டியதை அது செய்துவிடுகிறது. அதோடு, இந்தக் கருவிகள் இல்லாத நூலையும் இல்லாத ஆய்வுக் கட்டுரையையும் நம்பும்படி உருவாக்கிக் கொடுக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும், தேடினால் அப்படி ஒன்று இருக்காது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்ற மனுவில் முன்தீர்ப்புகளாகக் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். கருவி கொடுத்த எந்த மூலத்தையும் திறந்து படிக்காமல் பட்டியலில் போடாதீர்கள்.

"மனித நடைக்கு மாற்றித் தரும்" என்று சொல்லும் கருவிகளும் சொற்களை மாற்றித் தரும் கருவிகளும் படி 3இல் பார்த்த தவறைத்தான் வேகமாகச் செய்கின்றன.

படி 9: ஒற்றுமை அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

டர்னிடின் போன்ற மென்பொருள்கள் உங்கள் கட்டுரையைத் தங்கள் சேமிப்பில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும். திருட்டா இல்லையா என்று அவை சொல்வதில்லை, ஒற்றுமையை மட்டும் காட்டுகின்றன. மேற்கோள்கள், நூற்பட்டியல், ஆசிரியர் கொடுத்த கேள்வி எல்லாம் ஒத்துப்போகும் என்பதால் 25 சதவீதம் வந்தும் கட்டுரை சுத்தமாக இருக்கலாம். 4 சதவீதம் வந்து, அந்த நாலும் ஒரே மூலத்திலிருந்து மேற்கோள் குறி இல்லாமல் எடுத்த பத்தியாக இருந்தால் அது பிரச்சினை. அதனால் எண்ணைப் பார்க்காமல் நிறம் பூசிய வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றிக்கொண்டே போவது மிகத் தவறான வழி, அறிக்கை பச்சையாகிவிடும், கருத்து இன்னும் அடுத்தவருடையதாகவே இருக்கும். மொழிபெயர்த்து எடுத்ததை இவை பெரும்பாலும் பிடிப்பதில்லை, அதற்காக அது சரியாகிவிடாது.

சமர்ப்பிக்கும் முன் கடைசியாக ஒரு சரிபார்ப்பு. கட்டுரைக்குள் குறித்த ஒவ்வொரு பெயரும் இறுதிப் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வந்திருக்கிறதா என்று இரண்டு திசையிலும் பாருங்கள். இதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் எழுதும் வேலையைச் சமர்ப்பிப்புக்கு ஒரு நாள் முன்பாவது முடித்துவிடச் சொல்கிறேன். நல்ல மாணவர்களும் குறுக்கு வழியில் போவது பெரும்பாலும் கடைசி இரவில்தான். நேரம் போதவில்லை என்றால் கூடுதல் நாள் கேளுங்கள், மறுத்தால் பாதி முடிந்த சொந்தக் கட்டுரையைக் கொடுங்கள். குறைந்த மதிப்பெண்ணை அடுத்த கட்டுரையில் ஈடுகட்டலாம், விசாரணையில் விழுந்த பெயரை அப்படி ஈடுகட்ட முடியாது.

சந்தேகம் உங்கள் மேல் வந்தால்

தவறே செய்யாதவர் மேலும் சந்தேகம் வரலாம், முக்கியமாக ஏஐ கண்டறியும் கருவிகளால். ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் குறைவு என்று சொல்லி 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை ஏஐ எழுதியதாகத் தவறாகச் சொல்லின. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் நம்மைப் போன்றவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இதற்கு முன்னேற்பாடு ஒன்றுதான். எழுதிய தடயத்தை வைத்திருங்கள். படி 2இல் எடுத்த குறிப்புகள், முதல் வரைவு, திருத்திய வரைவுகள், மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் எழுதுகருவி, நூலகத்தில் எடுத்த நூல்களின் பட்டியல் எதையும் மதிப்பெண் வரும்வரை அழிக்க வேண்டாம். அழைப்பு வந்தால் கோபத்தில் பதில் எழுதாமல், எந்தப் பகுதி, எந்த மூலத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். கொள்கையில் உங்களுக்கு என்ன உரிமை, மேல்முறையீடு உண்டா, உடன் யாரையாவது அழைத்துப் போகலாமா என்று பாருங்கள். உங்கள் வாதத்தை வாயால் விளக்கத் தயார் என்று சொல்லுங்கள், தானே எழுதியவர் அதை எளிதாகச் செய்வார்.

உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் மறைக்க இன்னொரு கதை கட்டாதீர்கள், என்ன நடந்தது என்று அப்படியே சொல்லுங்கள், முதல் முறை என்றால் திருத்தி எழுத வாய்ப்புக் கேளுங்கள். சமர்ப்பித்த பிறகு, யாரும் கேட்கும் முன்பே, ஒரு மேற்கோள் விடுபட்டதை நீங்களே கண்டால் அன்றைக்கே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பக்கம், எந்த வரி, எந்த மூலம், திருத்திய கோப்பு இணைப்பில் உள்ளது. நாலு வரி போதும்.